எட்டுப் பக்கம் சிவப்பு

எனக்குப் பயம் வயிற்றில்தான் வரும். சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு வறண்டு போகும். எனக்கு வயிறு கலங்கி, நின்ற இடத்திலேயே உட்காரத் தோன்றும். அந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், சென்னையில் என் வழிகாட்டிப் பேராசிரியரின் அறையில் அப்படித்தான் உட்கார்ந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

மேஜை மேல் என் ஆய்வேடு கிடந்தது. திருவாலங்காட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளைப் பற்றி ஐந்து வருடம் அலைந்து ஆங்கிலத்தில் எழுதியது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன்பு, பல்கலைக்கழகம் புதிதாக வாங்கியிருந்த ஒரு மென்பொருளில் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த வருடம்தான் விதி வந்திருந்தது. வேறு யாராவது எழுதியதை எடுத்திருந்தால் அந்த வரிகளைச் சிவப்பாக்கிக் காட்டிவிடும். என் இரண்டாம் அத்தியாயத்தில் எட்டுப் பக்கம் சிவந்திருந்தது.

“இன்னாம்மா இது?” என்றார். வேலூர்க்காரர், கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். “ஆந்திராவுல ஒரு லெக்சரர் இன்டர்நெட்ல போட்ட கட்டுரையாம். வரிக்கு வரி அப்படியே இருக்குது.”

“அந்தக் கட்டுரைய நான் கண்ணால கூட பாத்ததில்லீங்க சார்.”

“எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. பத்து நாள் டைம் தரேன். உன்னுதுன்னு காட்டு. இல்லன்னா கமிட்டிக்குப் போயிடும். அப்புறம் என் கையில எதுவும் இல்ல.”

கமிட்டிக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆய்வேட்டைத் தள்ளுபடி செய்து, வேறு எங்கும் பதிய முடியாதபடி பண்ணிவிடுவார்கள். நான் பாடம் நடத்திய தனியார் கல்லூரியிலோ, அடுத்த ஜூனுக்குள் பிஎச்.டி. வாங்காதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அதைவிட, திருடி என்று பெயர் வந்தால் வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பேன்? பரீட்சையில் பிட்டு வைத்திருந்த பிள்ளைகளை நான் திட்டிய திட்டெல்லாம் அந்த அறையிலேயே எனக்குத் திரும்பக் கேட்டது.

ஊருக்குத் திரும்பும் ரயிலில், எங்கள் ஊர் மலைக்கோவிலுக்குப் போகும் காவடிக் கூட்டம். மஞ்சள் துணியும் வியர்வையுமாக மூச்சுவிட இடமில்லை. கழிவறைக் கதவை ஒட்டி நின்றுகொண்டு, அந்த எட்டுப் பக்கத்தையும் மறுபடி மறுபடி படித்தேன். அத்தனையும் பத்து வருடம் முன்பு என் எம்.பில். ஏட்டில் எழுதியவை, அப்படியே கொண்டுவந்து கொஞ்சம் மெருகு போட்டிருந்தேன். அதிலும் ஒரு வரி என் செல்ல வரி. ஆலை தரும் வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் நாட்களில்தான் கரும்பு விவசாயியின் நஷ்டம் தொடங்குகிறது, ஆலை வாசலில் அல்ல என்கிற வரி. வகுப்பில் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருப்பேன்! வரைவைத் திருத்தியபோது அந்த இடத்தில் என் பேராசிரியரே சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார். மணவூர் தாண்டும்போது எனக்குச் சந்தேகம் தட்டியது. எம்.பில். ஏட்டைத் தட்டச்சு செய்தது எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு டி.டி.பி. கடையில். அந்தக் கடைக்காரன்தான் யாருக்கோ கொடுத்திருக்கிறான்.

பயம் கோபமாக மாறும்போது எவ்வளவு சுகமாக இருக்கிறது! ஸ்டேஷனிலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். மொட்டைத் தலைக்குச் சந்தனம் விற்கும் கடைக்கு அடுத்த கடை அது.

“என் பைலை எவனுக்கு வித்த?” என்று வாசலிலேயே ஆரம்பித்தேன். வழக்கமாக நான் மரியாதை விட்டுப் பேசுகிறவள் இல்லை.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். “இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க? உங்க பைலு ஃப்ளாப்பியில இருந்திச்சி. அத நீங்களே வாங்கிக்கினு போய்ட்டீங்க. அந்தக் கம்ப்யூட்டர எடைக்குப் போட்டே ஆறு வருசம் ஆவுதுங்க.”

“பொய் சொல்லாத.”

“புள்ளைங்க மேல சத்தியமா மேடம்.”

சந்தனக் கடையில் நின்றிருந்த மொட்டைத் தலைகள் மூன்றும் என்னையே பார்த்தன. நான் இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

என் கணவருக்கு அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை. எதற்கும் பதறாத மனிதர். அதனாலேயே எனக்கு எரிச்சல் வரும். “உன்னுதுன்னா எதுக்கு பயப்படற?” என்றார். “அப்போ கையால எழுதிக்கினு வந்த நோட்டு பரண்ல கெடக்குது. எடுத்துக்கினு போய் காட்டு. தேதி போட்டிருப்ப இல்ல?”

“ஆங், போட்டிருக்கேன்.”

அந்த நோட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் எம்.பில். படித்தபோது, பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆய்வேடுகளை வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்கவும் கூடாது. உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு போக வேண்டியதுதான். பத்தரைக்கு உள்ளே நுழைந்தால் சாயங்கால ரயிலுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. மேற்கோள் குறி போடக்கூட நேரம் கிடையாது. ‘இப்போதைக்கு எழுதிக்கோ, அப்புறம் உன் வார்த்தையில மாத்திக்கோ’ என்பது எல்லா மாணவர்களும் எல்லாப் பேராசிரியர்களும் சொல்லும் ஒரே பாடம். நடுநடுவே எனக்குத் தோன்றியதையும் அதே நீல மையில், அதே பத்தியில் எழுதிக்கொண்டே போவேன். ஞாபகம் இருந்தால் ஓரத்தில் ஏட்டின் எண்ணும் பக்கமும் குறிப்பேன். ஞாபகம் இல்லாத நாட்களே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பரணில் ஏறி நோட்டுகளை இறக்கினேன். கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது நோட்டிலேயே என் செல்ல வரி கிடைத்தது. அதே வார்த்தைகள், என் கையெழுத்து, மேலே தேதி. “இருக்குது, இருக்குது” என்று சிரித்தேன். கிருத்திகைக்குப் படியேறித் தேங்காய் உடைப்பதாகக்கூட மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பிறகுதான் ஓரத்தைப் பார்த்தேன். பென்சிலில், பொடியாக, 214 என்றும் அதற்குக் கீழே 61 என்றும் இருந்தது.

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவர் “இன்னா ஆச்சு?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். பத்து வருடமாக நான் என்னுடையது என்று நம்பிய வரி என்னுடையது இல்லை. திருடியதே தெரியாமல் திருடியிருக்கிறேன்; அதற்காக ஊரறிய ஒரு மனிதரைத் திட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஓரத்தில் எண்ணே போடாத பக்கங்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று புரட்டப் புரட்ட எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். இருநூற்றுப் பதினான்கை எடுத்துத் தரச் சொன்னேன். டைப்ரைட்டரில் அடித்த பழைய ஏடு. கம்ப்யூட்டரில் ஏறாதது என்பதால் மென்பொருளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அறுபத்தோராம் பக்கத்தில் என் வரி இருந்தது. தொடர்ந்து அந்த எட்டுப் பக்கமும் இருந்தன. ஆந்திரா லெக்சரரும் என்றோ ஒருநாள் இதே மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டும். யார் எழுதியது என்று முதல் பக்கத்தைத் திருப்பினேன். என் வழிகாட்டிப் பேராசிரியரின் பெயர் இருந்தது. அவர் வாலிபத்தில் எழுதிய பிஎச்.டி. ஏடு.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. என் அத்தியாயத்தை அவர் மூன்று முறை படித்துத் திருத்தியிருக்கிறார். தான் எழுதியது தனக்கே தெரியாமலா ‘நன்று’ என்று போட்டார்?

மாடியேறி அவர் அறைக்குப் போனேன். நோட்டை விரித்து ஓரத்து எண்ணைக் காட்டினேன். “சார், இது என்னுது இல்லீங்க. உங்க தீசிஸ்லேர்ந்து எழுதிக்கினது. தப்பு என் மேலதான்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். திட்டட்டும், கமிட்டிக்கு அனுப்பட்டும் என்றுதான் நின்றேன்.

அவர் திட்டவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இத வேற யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்லீங்க சார்.”

“அந்த எட்டுப் பக்கத்த எடுத்துடு. உன் சொந்தமா எழுதிக் குடு. கமிட்டிக்கு நான் எதுவும் அனுப்பல.” பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாங்களும் அப்படித்தாம்மா எழுதினோம். நோட்டு போட்டு, ஏதேதோ பழைய ரிப்போர்ட்ட பாத்து. இதுல எது நான் எழுதினது, எது எங்கேர்ந்து எழுதிக்கினதுன்னு எனக்கே தெரியல. என் நோட்டெல்லாம் கரையான் அரிச்சிப் போச்சு.”

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னிடமாவது பார்த்துச் சொல்ல ஒரு நோட்டு இருந்தது.

எட்டுப் பக்கத்தையும் புதிதாக எழுதினேன். திருவாலங்காட்டுக்கு மறுபடி போய்க் கரும்புக்காரர்களிடம் பேசி, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே போட்டேன். மீதி அத்தியாயங்களிலும் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் மேற்கோள் குறி போட்டு, ஏட்டின் எண்ணும் பக்கமும் கொடுத்தேன். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, இதை எங்கே படித்தோம் என்று பயந்து பயந்து யோசிப்பேன். அந்தப் பயம் இன்றுவரை போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது. டி.டி.பி. கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேடம்” என்றாரே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. புதிய பக்கங்களையும் அவரே அடித்துக் கொடுத்தார்.

இரண்டாம் முறை சிவப்பு வரவில்லை. அடுத்த ஜூனுக்கு முன்பே வாய்மொழித் தேர்வும் முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வழக்கப்படி பேராசிரியருக்குச் சால்வை போர்த்தினேன். வந்தவர்கள் டீயும் பிஸ்கட்டும் எடுக்கப் போனபோது அவர் என்னைத் தனியே மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டார். வாழ்த்தப் போகிறார் என்று நினைத்தேன்.

“லைப்ரரியில பழைய தீசிஸ் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அந்த மெஷின்ல ஏத்தப் போறாங்களாம்மா” என்றார். “இருநூத்திப் பதினாலு எப்போ வருதுன்னு மெதுவா கேட்டுச் சொல்றியா?”

கேட்கிறேன் சார் என்றேன். சால்வையின் இரண்டு ஓரத்தையும் அவர் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவருக்குப் பயம் கையில் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.