ஆறாவது பாட்டும் ஒற்றை விரலும்

திருத்தங்கலில் ஒரு காலண்டர் பிரஸ்ஸின் பேப்பர் குடோன்தான் எங்கள் ஸ்டுடியோ. ஞாயிறு மிஷின் ஓடாது. ஆள் உயரத்துக்கு அடுக்கிய பேப்பர் கட்டுகள் எதிரொலியைக் குடித்துவிடும். இதைக் கண்டுபிடித்தவன் நான் என்று அப்போது எனக்கு ஏகப்பட்ட பெருமை. காலேஜ் லீவு. என் கம்ப்யூட்டர், மதுரையிலிருந்து இரவல் வாங்கிய மிக்ஸர், நாலு மைக். ஐந்து மணி பஸ்ஸில் மிக்ஸரும் மைக்கும் திரும்பிப் போக வேண்டும்.

ஒரு சிடிக்கு ஆறு பாட்டு. பாட்டெழுதி, மெட்டமைத்து, ஆர்மோனியத்தோடு பாடியது அதே பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்த்த அக்கா. கீபோர்டுக்கு என் நண்பன். தோலக்குக்கு ஒரு அண்ணன். அவர் மனைவிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. சீசன் என்பதால் அன்றும் ஆனைக்குட்டம் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்.

"தனித்தனியா வாசிச்சு ஒட்டுனா பாட்டுல உசுரு இருக்காது தம்பி" என்று அக்கா சொல்லிவிட்டதால், எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில். ஒருவர் தப்பினாலும் முதலிலிருந்து. செல்போன் இரைச்சல் மைக்கில் விழும் என்று எல்லார் போனையும் அணைத்து ஓர் அட்டைப்பெட்டியில் போட்டேன்.

ஆறாவது பாட்டு மூன்று முறை உடைந்தது. நாலரை மணிக்கு, நான்காவது முறை, அபாரமாக வந்துகொண்டிருந்தது. இரண்டாம் சரணத்தில் தூரத்தில் ஒரு சத்தம்.

எங்கள் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் எண்ணுவோம். ஒன்றோடு நின்றால், கம்பெனியில் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் வெடி. தொடர்ந்தால் விபத்து; வெளியே ஓடி, புகை எந்தத் திசை என்று பார்க்க வேண்டும். அண்ணன் கை நிற்கவில்லை. கண் மட்டும் என்னிடம் வந்தது. ஹெட்போன் போட்டிருந்தவன் நான்தானே. ஒற்றை விரலைக் காட்டினேன். தலையாட்டினார்.

உடனே ஹெட்போனில், சன்னமாக, இரண்டாவது. பிறகு மூன்றாவது. வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. இன்னும் ஒரே சரணம்தான் என்று நினைத்தேன். விரலை மடக்கிக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"வந்துருச்சுலே!" என்று அக்கா சிரித்தபோதுதான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, ரெண்டு மூணு கேட்ட மாதிரி..."

தோலக்கைப் போட்டுவிட்டு ஓடினார். ஆனைக்குட்டம் பக்கம் வெள்ளையாகப் புகை. பைக் கிளம்பிப் போய்விட்டது. பெட்டியைத் திறந்து போன்களை உயிர்ப்பித்தேன். முதலில் அடித்தது அண்ணனுடையது.

"நான் நல்லாத்தான் இருக்கேன். வேற கம்பெனியில கழிவு வெடிச்சிருக்கு, ஆளுக்கு ஒண்ணுமில்ல. அவுகட்ட குடுங்க" என்றார் அவர் மனைவி.

"அவர் உங்களைத் தேடித்தான் வாராரு..."

"போன விட்டுட்டா?"

அவரைக் கண்டுபிடிக்க அந்த அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அவர் கம்பெனி கம்பெனியாகக் கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு தோலக்கை எடுக்க வந்தவர், ஹெட்போனைக் கேட்டு வாங்கினார். அந்தப் பாட்டு முழுவதையும் கேட்டார். மடியில் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின. மூன்று.

"கையில இன்னும் நாலு வெரலு இருந்துச்சேலே" என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார்.

அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. "அழிச்சிரு தம்பி."

அழித்தேன். வேறு தோலக்குக்காரரைப் பார்க்கலாமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அந்தப் பாட்டை அக்கா தனியாக மறுபடி பாட, கம்ப்யூட்டரின் சின்ன மைக்கிலேயே பதிந்தேன். சிடியில் அதற்கு ஆர்மோனியம் மட்டும்தான்.