கிள்ளி எறிந்த மஞ்சள் இலைகள்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் பீன்யாவில் நான் இருந்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். பிறகு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் புகையிலைச் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மரபணு மாற்றிய செடிகள் தண்ணீர் குறைந்தாலும் மெதுவாகத்தான் மூப்படைகின்றனவா என்று ஒரு மாணவி சோதித்துவந்தார். லேத் பட்டறைக்கு முன்பு ஒரு நர்சரியில் வேலை பார்த்த பழக்கத்தில், ஒருநாள் மஞ்சளான இலைகளையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டேன்.

“அண்ணா, எந்தச் செடியில எத்தனை இலை மஞ்சளாச்சுன்னு எண்ணத்தானே ரெண்டு மாசமா காத்திருந்தேன்?” என்றார் மாணவி.

“கடைசி வரிசையில கிள்ள ஒண்ணுமே இல்லம்மா,” என்றேன்.

அதுதான் மரபணு மாற்றிய வரிசை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீங்க சொன்னீங்கன்னு தீசிஸ்ல எழுத முடியாதே.”

மறுநாள் அவர் மறுபடி விதைத்தார். அந்தச் செடிகளின் இலைகள் பழுக்கும் முன்பே நான் வேறு வேலைக்காக ஹூப்ளிக்குப் போய்விட்டேன்.