இன்னிக்கு உங்க பாடு இல்ல சார்

அக்காவும் நானும் செய்த கணினி விளையாட்டில் ஓர் ஏரி இருந்தது. படகையும் இறாலையும் வரைந்தது நான். அவற்றை ஓடவிட்டது அக்கா. பொன்னேரியில் ஒரு கல்லூரி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்த போட்டிக்காகச் செய்தது அது. முதலில் வருபவர்களுக்குச் சென்னையில் கோடைக்காலக் கணினி வகுப்பு. பள்ளியின் ஒரே கணினிக்கு முறைபோட்டுக் காத்துக்கிடந்த அக்காவுக்கு அந்த வகுப்பின் மேல்தான் கண்.

நடுவர் ஆடத் தொடங்கினார். முதல் சுற்றில் படகு அவர் சொன்ன பக்கமெல்லாம் போனது. வலை நிறைய இறால். இரண்டாவது சுற்றில் எந்த விசையைத் தட்டினாலும் கரையைவிட்டு நகரவில்லை. பக்கத்துப் படகு இறாலை அள்ளிக்கொண்டு போனது. அவர் ஓங்கித் தட்டினார்.

"என்னம்மா, நின்னுடுச்சா?"

"இல்ல சார். இன்னிக்கு உங்க பாடு இல்ல சார்," என்றாள் அக்கா.

கூடம் சிரித்தது. எங்கள் பழவேற்காட்டு ஏரியில், நல்ல இறால் விழும் இடத்தில் ஒரு நாளைக்கு ஒரு கூட்டம்தான் வலை போடலாம். மறுநாள் அடுத்த கூட்டம். அந்த முறைதான் பாடு. தன் முறையைத் தவறவிட்டவன், அது மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் இருவரையும் விட்டால் அங்கே அதை அறிந்தவர் நைனா மட்டும்தான். அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். கதவோரம் நின்றிருந்தார்.

"அப்ப ஆடறவன் இன்னா பண்ணுவான்?" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கத்தினான்.

"கரையில நின்னு பாப்பான்," என்றாள் அக்கா.

"சுண்டல் துன்னுகினேவா?"

மறுபடி சிரிப்பு. நடுவர் சிரிக்கவில்லை. "நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா ஆடறவனையே நிறுத்தி வச்சா எப்படி? பத்து நிமிஷம் தரேன். படகை நிறுத்தற அந்த வரிய எடுத்துட்டுக் காட்டு."

அக்கா விசைப்பலகையில் கை வைத்தாள், எடுத்தாள், நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். எடுத்துடு என்பதுபோல் அவர் தலையசைத்தார். அழித்தாள். படகு எல்லார் இடத்திலும் புகுந்து வாரியது. கைதட்டல். எங்கள் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

பழவேற்காட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டு மாமா எதிரே வந்தார்.

"இன்னா மச்சான், இன்னிக்கு உம் பாடாச்சே! ஏரியில ஆளயே காணோம்?"

"பாப்பா கேம் உட்டுச்சிப்பா. கரையில நின்னு பாத்துனு இருந்தேன்," என்று நைனா சிரித்தார்.

நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த பரிசுக் கோப்பையை என்னிடம் திணித்துவிட்டு, நைனாவின் பையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். கோப்பை என் கைக்கு வந்ததே எனக்குப் பெரிது. வீடுவரை அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டிக்கொண்டே போனேன்.