பயமா, நம்பிக்கையா

மத்திய வங்கி என்றதும் நோட்டுக் கட்டு, துப்பாக்கிக் காவல் என்று கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள். எங்கள் அறையில் இருந்தது வரிசையாகக் கம்ப்யூட்டர்களும் ஒழுகுகிற ஓர் ஏசியும்தான். நாட்டில் வருகிற செய்திகளையெல்லாம் லட்சக்கணக்கில் ஒரு மெஷின் படிக்கும். படித்துவிட்டு, இந்த மாதம் ஜனங்களிடம் இருப்பது பயமா நம்பிக்கையா என்று மேலே சொல்லும். வட்டியை ஏற்றலாமா இறக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் அதையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்த மெஷினுக்குப் பாடம் எடுப்பது எங்கள் வேலை. திரையில் ஒரு வாக்கியம் வரும். ‘நம்பிக்கை’, ‘பயம்’, ‘இரண்டும் இல்லை’ மூன்றில் ஒன்றை அமுக்க வேண்டும். அவ்வளவுதான், இதற்குப் போய் ஒரு பட்டம் கேட்டார்கள்.

பக்கத்து மேஜை அக்கா இதில் புலி. நான் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் மூன்றை அமுக்கிவிட்டு, "என்னம்மா, எழுத்துக்கூட்டிப் படிக்கிறியா?" என்று வாருவார். எக்ஸ்பிரஸ் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. எல்லோரையும் போல அவருக்கும் ஒப்பந்த வேலைதான், வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள்.

அந்த வருஷம் அக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை போனது. டயர் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு ஷிஃப்டையே இழுத்து மூடிவிட்டார்கள். இனி அக்காவின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓட வேண்டும். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார், பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கிற வாரம் அதிகாரி அவரைக் கூப்பிட்டார். நாங்கள் ஒழுங்காக அமுக்குகிறோமா என்று பார்க்க, பழைய வாக்கியங்களையே நடுநடுவே சொருகி விடுவார்கள். கண்ணாடித் தடுப்புதான், பேசுவதெல்லாம் கேட்கும்.

"‘ஆட்குறைப்பால் நிறுவனத்தின் லாபம் உயரும்.’ போன வருஷம் இதுக்கு நம்பிக்கைன்னு போட்டிருக்கீங்க, இப்ப பயம்ங்கிறீங்க. இது மாதிரி நிறைய இருக்கும்மா."

"அப்ப எனக்கு லாபம்தான் சார் கண்ணுல பட்டுது."

"நீங்க நினைக்கிறது தப்புன்னு சொல்லல. ஒரே வாக்கியத்துக்கு ரெண்டு பதில் போனா மெஷின் குழம்பும். வேற ஆளைப் போடச் சொல்றாங்க." கெட்ட மனுஷர் இல்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு தரம் போட்டுக் காட்டுங்க. பழையபடி வந்துதுன்னா கையெழுத்துப் போட்டுடறேன்."

அக்கா வந்து உட்கார்ந்தார். பழையதும் புதியதுமாக வாக்கியங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்தார். நடுவில், ஒரு டயர் கம்பெனி ஷிஃப்டை மூடியதை முதலீட்டாளர்கள் வரவேற்றார்கள் என்று ஒன்று வந்தது. கம்பெனியின் பெயரும் அதில் இருந்தது. வீட்டுக்காரரின் கம்பெனிதான். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ‘நம்பிக்கை’யை அமுக்கினார்.

சாயங்காலம் கையெழுத்து ஆனது. படியிறங்கும்போதே வீட்டுக்குப் போன் போட்டார்.

"புதுப்பிச்சுட்டாங்க. ஆமாங்க, ஒரு வருஷத்துக்கு." அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். அக்கா கடைசிப் படியில் நின்றார்.

"இல்லைங்க," என்றார், "பெருசா ஒண்ணும் கேக்கல."