பின்சுவரில் மாட்டிய லுங்கி

காவல் வேலைக்கு உயரமும் மீசையும் இருந்தால் போதும் என்று ஒரு காலத்தில் மனதார நம்பினேன். என்னிடம் இரண்டும் கிடையாது என்பது வேறு விஷயம்.

சில வருடங்களுக்கு முன், மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு கடற்கரை விடுதியில் அட்மின் ஆபீசராக இருந்தேன். காவல் ஏற்பாட்டைப் புதிதாக அமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முன்வாசலுக்கு மீசைக்காரர்களாகப் பார்த்துப் போட்டேன். கடல் பக்கத்துப் பின்கேட்டுக்கு ஏஜென்சி அனுப்பியதோ ஒரு பெண்ணை; கடப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருபவர். அவர் வேலைக்குச் சேர்ந்த வாரமே, "இந்தம்மா சரிப்பட மாட்டாங்க, நானே சோதிச்சுப் பார்த்து அனுப்பிடுறேன்" என்று முதலாளியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் லுங்கி கட்டி, முகத்தில் துண்டு சுற்றிக்கொண்டு, ஐடி கார்டையும் போனையும் மேஜையிலேயே வைத்துவிட்டு, சவுக்குத் தோப்பு வழியாகப் போய்ப் பின்சுவர் ஏறினேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, நடுவில் தொப்பை. லுங்கி சுவர் மேலிருந்த கம்பியில் மாட்டிக்கொண்டது.

விசில் சத்தம். கீழே லத்தியோடு அந்த அம்மா.

"யோவ், இன்னா பண்ணிகினு கீற அங்க? எறங்கு!"

இறங்கினேன் என்பதைவிட விழுந்தேன் என்பதே சரி. துண்டை அவிழ்த்து, "நான்தாம்மா அட்மின் ஆபீசர்" என்றேன்.

"மாட்னவன் எவன்யா திருடன்னு ஒத்துக்குவான்? உள்ள வந்து குந்து."

காவல் அறையில் குந்தினேன். போலீஸ் ஜீப் வருவது, மனைவி ஸ்டேஷனுக்கு வருவது, என் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போவது, எல்லாம் கண்முன் ஓடியது. அவரோ ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டினார். 'சுவர் ஏறி வருபவரை அட்மின் ஆபீசர் வரும்வரை விடக் கூடாது' என்று விதி போட்டவனே நான்தான். அதன்படி என் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தார். போன் என் மேஜையில் அலறிக்கொண்டிருந்திருக்கும்.

பயம் முற்றியதும் மிரட்டினேன். "இப்ப விடலைன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது."

அவர் முகம் சட்டென்று வாடியது. "இத்த நம்பித்தான் எங்க வூடு ஓடுது. உன்னிய வுட்டு எதுனா களவு போனாலும் வேல பூடும். போறதுதான் போவுது, ஒழுங்கா செஞ்சுட்டே போவட்டும்" என்று சொல்லி, கதவை அடைத்தாற்போல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் கேன்டீன்காரர் டீ கொண்டுவந்தார்.

"இன்னா சார், லுங்கியும் அதுவுமா இங்க குந்திகினு கீறீங்க?"

"அண்ணாத்த, இந்தாளு மெய்யாலுமே ஆபீசரா?"

"ஆமாம்மா. டெய்லி முன்கேட்டாண்ட கார் கண்ணாடிய எறக்காமயே போவாரே, அவருதான்."

சுருக்கென்றது. அந்த அம்மா வேலைக்கு வந்த நாளிலிருந்து பின்கேட்டுப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அப்போதும் அவர் அசையவில்லை. கேன்டீன்காரர் போய் என் ஐடி கார்டை எடுத்துவந்து காட்டிய பிறகுதான் எழுந்து வழிவிட்டார். நான் அந்தக் கிழிந்த லுங்கியோடே முதலாளியிடம் போய், பின்கேட்டுக்கு இவரையே நிரந்தரமாகப் போடச் சொன்னேன்.

இப்போதெல்லாம் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும், முதல் நாளே எல்லாக் கேட்டுக்கும் நடந்து போய் முகத்தைக் காட்டிவிட்டு வருகிறேன். மற்றபடி நடந்தது இவ்வளவுதான்: நான் போட்ட காவல் திட்டம் சரியாக வேலை செய்தது, நான் அங்கே இருந்தவரை அதில் பிடிபட்ட ஒரே ஆள் நான்தான்.