உப்பு வைக்காத இலை

மூடியில் சிவப்பு நூல் கட்டிய அந்த எவர்சில்வர் டப்பா இன்றும் எங்கள் கடலூர் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு வலப்பக்கம் இருக்கிறது. உள்ளே உப்பு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் அதை நிரப்பி, நூறு கேப்சூல்களோடு என் மகளின் பையில் வைத்துச் சிதம்பரத்துக்கு அனுப்பினேன். விடுமுறைக்கு அழைத்திருந்தவர் அவளுடைய அத்தை, நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா.

மகளுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். வியர்வையோடு உப்பெல்லாம் போய்விடும். நெற்றியில் முத்தமிட்டால் உதடு கரிக்கும். சாப்பிடும்போதெல்லாம் கேப்சூல் விழுங்கினால்தான் எண்ணெயும் நெய்யும் உடம்பில் ஒட்டும். பித்தநீர் கெட்டியாகி ஈரலைக் கெடுத்துவிடக் கூடும் என்பதால் ஆண்டுதோறும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. அந்த ஆண்டு ஈரல் சற்றுத் தடித்திருந்தது. எடை குறையக் கூடாது, நெய்யும் உப்பும் குறையக் கூடாது, கேட்காமல் எந்த மருந்தும் தரக் கூடாது என்று மருத்துவர் சொன்னதைத் தாளில் எழுதிப் பையில் வைத்தேன்.

அண்ணியின் தெருவில் யாருக்குக் காமாலை வந்தாலும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர் அவர்தான். உப்பையும் எண்ணெயையும் நிறுத்திப் பத்தியம் வைப்பவரும் அவர்தான். தாளில் ‘ஈரல்’ என்ற சொல்லைப் பார்த்ததும் மீதியை அவர் படிக்கவில்லை.

பத்தாம் நாள் திரும்பிய மகள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எடை இருபத்திரண்டரையிலிருந்து இருபது கிலோவாகியிருந்தது. டப்பாவின் நூல் அவிழ்க்கப்படவில்லை. கேப்சூல் தொண்ணூற்றாறு மிச்சம். நாட்குறிப்பில் எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான்கு நாள் சலைன் ஏறியது.

“ஈரல் கோளாறுன்னா வாயக் கட்டணும்டி. நீ என்னான்னா நெய்ய ஊத்தி ஊத்திக் குடுக்குற. எத்தினி காமாலைய நான் பாத்திருக்கேன்!” என்றார் அண்ணி போனில். அதையும் எழுதி வைத்தேன்.

ஆனியில் மகளின் பிறந்தநாள் விருந்து. அண்ணிக்கு மட்டும் உப்பும் எண்ணெயும் இல்லாமல் தனிப் பாத்திரத்தில் சமைத்தேன். எல்லார் இலையிலும் முதலில் உப்பு வைத்தேன், அவர் இலையைத் தாண்டினேன். முதல் வாயிலேயே அவர் முகம் மாறியது. பக்கத்தில் இருந்த அவர் கணவர் அண்ணியின் இலையிலிருந்து தொட்டு நக்கிவிட்டு, “என்னா மச்சான், உங்க வீட்ல உப்பு தீந்துபோச்சா?” என்று என் கணவரைச் சீண்டினார்.

“பத்தியம் அண்ணி. பத்து நாள் இருந்து பாருங்க, ஒடம்புக்கு நல்லது,” என்றேன்.

அண்ணி எழவில்லை, தலை குனிந்தபடி சாப்பிட்டார். மகள் தனக்கென்று வைத்திருந்த இந்த டப்பாவை அத்தை பக்கம் நகர்த்தினாள். நான் எடுத்து மறுபடி மகள் முன்னால் வைத்தேன். அண்ணிக்கு இரண்டாம் முறை சோறு பரிமாறினேன்.

மகளுக்கு இப்போது பதினெட்டு வயது. போன மாத ஸ்கேனிலும் ஈரல் அதற்குமேல் தடிக்கவில்லை. அண்ணி இன்றும் வருகிறார். என்னைக் கேட்காமல் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் அவர் கண் இலையின் ஓரத்துக்குத்தான் போகும். இந்த டப்பாவைத் திறந்து உப்பு வைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும், அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்துதான் வைக்கிறேன்.