மருமகள் சொன்னால் படுக்கும்

நாயைக் குட்டியாகக் கொண்டுவந்தது நான். புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில், சட்டைக்குள் வைத்து. பால் ஊற்றியது நான். உண்ணி பிடுங்கியது நான். காட்டில் நான் விசில் அடித்தால் எங்கிருந்தாலும் வந்து நிற்கும்.

ஆனால் ஓர் இடத்தில் அடங்கிப் படுக்காது. போன வருஷம் வாசலில் தார்ப்பாய் விரித்துச் சாமை காய வைத்திருந்தோம். கோழியைத் துரத்திக்கொண்டு அதன் மேல் ஓடியது. பாதி மண்ணில் போனது. சாமை சின்ன மணி. மண்ணோடு கலந்தால் கலந்ததுதான்.

இந்த வருஷம் அறுப்புக்கு முன்னாலேயே என் மனைவி சொல்லிவிட்டாள்.

"இன்னொரு வாட்டி ஏறுச்சுன்னா நெல்லிவாசல்ல எங்கண்ணன் வூட்டுக்கு ஓட்டி வுட்ருவேன். அப்புறம் என்னைக் கேக்காத."

கயிற்றில் கட்டினேன். கடித்து அறுத்தது. அதட்டினேன். வாலை ஆட்டியது.

மருமகள் வந்து அப்போது நாலு மாசம். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பத்தூரில் ஒரு வீட்டில் வேலை செய்தவள். அந்த வீட்டில் நாய் இருந்ததாம். பழைய சாக்கை மடித்துச் சுவர் ஓரம் போட்டாள். கருவாட்டுத் தலையைக் கிள்ளி அதில் வைத்தாள். நாய் போனது. "படு" என்றாள். படுத்ததும் இன்னொரு துண்டு. மறுநாள் தள்ளி நின்று சொன்னாள். அடுத்த நாள் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

நானும் "படு, படு, படுடா" என்றேன். எழுந்து வந்து என் காலைச் சுற்றியது.

"ஒரு வாட்டிதான் சொல்லணும் மாமா. நீங்க பாட்டு மாதிரி பாடுறீங்க."

என் மனைவி சிரித்தாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன்.

பத்து நாளில் படிந்துவிட்டது. மருமகள் தண்ணீர் எடுத்து வரும்வரை சாக்கிலேயே கிடக்கும். கண் மட்டும் அவள் போன பக்கம் இருக்கும். படுத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

சாமை காய வைத்த அன்று நாய் சாக்கில் கிடந்தது. பக்கத்திலேயே கோழி மேய்ந்தது. தலையைத் தூக்கவில்லை.

"பரவால்லம்மா, உன் பேச்சு கேக்குதே" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே மனைவி உள்ளே போனாள். மருமகளும் பின்னால் போனாள்.

நான் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். நாய்க்கும் எனக்கும் நடுவில் தார்ப்பாய்.

விசில் அடித்தேன்.

நேராக வந்தது. சாமை இரண்டு பக்கமும் தெறித்தது. என் காலோடு ஒட்டிக்கொண்டது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

மனைவி முறத்தோடு ஓடிவந்தாள். "சொன்னன்ல? நாளைக்கே ஜீப்புல ஏத்திடு."

மருமகள் முகம் சுண்டிப்போனது. "இவ்ளோ நேரம் நல்லாத்தான் இருந்துச்சு அத்தை" என்றாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் நாய் போய்விடும்.

"நான்தான் கூப்ட்டேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

குனிந்து நாயின் காதைத் தடவினேன். மனைவி என்னையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மருமவகிட்ட போட்டியா? அதுவும் ஒரு நாய்க்கு? அத வுடுய்யா, உன்னத்தான் எங்கண்ணன் வூட்டுக்கு ஓட்டணும்."

முறத்தை என் கையில் திணித்தாள். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு "படு" என்றாள். ஒரே தடவை. நாய் என் காலை விட்டுப் போய்விட்டது.

பொழுது சாயும்வரை உட்கார்ந்து சாமையைப் புடைத்தேன். நாய் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் வயிற்றெரிச்சலும் இருக்கிறது.